பால் போகாத பாலம்

ஜொகூர் பாரு,
18-1-1934

அன்பும் மரியாதையும் நிறைந்த அய்யாவு அத்தானுக்கு, மைத்துனன் வீரமுத்து வணக்கத்துடன் எழுதுவது. நானும் ராஜம்மாவும் நலம். கோத்தா திங்கியில் வெள்ளம் வடிந்ததா, அக்காவும் பிள்ளைகளும் சுகமா என்று எழுதவும்.

நான் வரைந்த சைக்கிள் பாலம் கெட்டுப்போனதாக அங்கே யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாலம் ஓர் ஆணிகூட அசையாமல் நிற்கிறது. நடந்தது இதுதான். பூங்காவைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பால் திரிந்துவிடுகிறது என்று பால்காரன் காளியப்பன் எங்கள் மராமத்து ஆபீசில் மனுக் கொடுத்தான். பூங்காவின் நடுவே ஓடும் ஓடைமேல் சைக்கிளுக்கு மட்டும் ஒரு மரப்பாலம் போட்டால் பாதி வழி மிச்சம். பதினோரு வருஷமாகப் பிறர் வரைந்த படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, இதை நீயே வரை, பூங்காவின் அழகு கெடாமல் குறுகலாக இருக்கட்டும் என்றார் துரை. காளியப்பனின் சைக்கிளையே நிறுத்தி, கைப்பிடியின் அகலத்தை அளந்து, இரண்டு பக்கமும் தாராளமாக நாலு நாலு அங்குலம் விட்டு வரைந்தேன். அவன் வந்தது மத்தியானம், பால் ஊற்றி முடித்து, கேன்களை வீட்டில் கவிழ்த்துவிட்டு, வெறும் சைக்கிளில். இதில் என் தப்பு என்ன, நீங்களே சொல்லுங்கள்.

திறப்பு நாளில் துரையும் துரைசானியும் பார்க்க, முதலில் ஏறியவன் காளியப்பன்தான். ஏறிய வேகத்தில், சைக்கிளின் இருபுறமும் தொங்கிய இரண்டு பால் கேன்களும் இரண்டு பக்கக் கிராதிகளுக்கு நடுவே இறுகிக்கொண்டன. பின்னால் அன்னாசிக் கூடையோடு ஒரு சீனர், அவருக்குப் பின்னால் மணி அடித்தபடி தபால்காரர். நான் ஓடிப்போய்த் தள்ளினேன். காளியப்பன் திரும்பிப் பார்த்து மெதுவாகச் சொன்னான்:

"சைக்கிள் போகுதுங்க ஐயா. பால்தான் போகல."

வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது. தச்சரிடம் ரம்பத்தை வாங்கி, நான் வரைந்த கிராதியைத் துரை முன்னாலேயே நானே அறுத்தேன். அறுப்பு கோணலாகத்தான் போனது, அதை உங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பால் திரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் துரை, கேனோடு சேர்த்து அளந்து திரும்ப வரையச் சொன்னார். வேறு ஆளிடம் கொடுக்கவில்லை பாருங்கள். ஒன்றரை அடி அகலம் கூட்டி வரைந்துவிட்டேன், திங்கட்கிழமை மரம் வருகிறது. இனி அந்தப் பாலத்தில் காளியப்பன் சிக்கவே முடியாது. தைப்பூசத்துக்கு அக்காவோடு அவசியம் வாருங்கள், நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

அக்காவுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு ஆசியையும் சேர்ப்பிக்கவும்.

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
வீரமுத்து

பி.கு.: இதைத் தபாலில் போடப் போன வழியில் காளியப்பனைக் கண்டேன். வியாபாரம் பெருத்துவிட்டதாம், நேற்றுச் சைக்கிளை விற்று மாட்டுவண்டி வாங்கிவிட்டான். நாளைக் காலை டேப்போடு அவன் கொட்டகைக்குப் போகிறேன். இந்த முறை மாட்டைப் பூட்டி நிறுத்தித்தான் அளப்பேன்.