கம்ப்யூட்டரில் தெரிந்த முதலை

ஆம்பூர்
அக்டோபர் 2009

வேலூரில் இருக்கும் மரியாதைக்குரிய ஜெஸி டீச்சருக்கு, ஆம்பூர் அன்னபாக்கியம் தலைகுனிந்து சொல்லும் ஸ்தோத்திரம். சம்பந்தியம்மா என்று எழுத ஆசைதான். அந்த உரிமை இன்னும் இருக்கிறதா இல்லையா தெரியாததால் டீச்சர் என்றே எழுதுகிறேன். உங்கள் கால்வலி தேவலையா? இங்கே எல்லாரும் சுகம், என்னைத் தவிர.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: நீங்கள், உங்கள் வீட்டுக்காரர் வில்சன் சார், மாப்பிள்ளைப் பிள்ளை ஜோவின், என் மகன் எலியாஸ், மருமகள் கிருபா, பேத்தி அக்சா, என் ஓரகத்தி சவுரியம்மாள், பக்கத்து வீட்டு அக்தரி பேகம், நான். நாளைக்கு ஒருத்தரும் 'நான் அங்கே இல்லை' என்று சொல்லக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தவள், ஆனால் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பெண் பார்க்கும் காரியம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. அக்சா பட்டம் வாங்கிய படங்களை, மஸ்கட்டிலிருந்து என் சின்ன மகன் அனுப்பிய போனில் உங்களுக்குக் காட்டினேன். நீங்கள் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததாகவும், படம் கடுகு மாதிரி தெரிவதாகவும் சொன்னீர்கள். உடனே ஜோவின், "ஆயா, போனைக் குடுங்க, கம்ப்யூட்டர்ல பெருசா காட்டறேன்" என்று எழுந்தார். அதுவரை வாயே திறக்காத அக்சாவும் எழுந்து, "எங்கிட்ட ஒயர் இருக்கு" என்றாள். அந்த ரெண்டு பேரும் முதல் முதலாகப் பேசிக்கொண்டது அதுதான். கிருபா கண்ணை நான் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள். காரியம் முடிந்தது என்று எனக்குள் ஒரு பூரிப்பு.

ஜோவின் பாக்கெட்டிலிருந்து விரல் நீளத்துக்கு ஒன்றை எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகி, அதற்குள் இருந்த ஏதோ சாஃப்ட்வேரை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் என் போன் என் கையிலும் இருந்தது, கம்ப்யூட்டர் உள்ளேயும் இருந்தது. இங்கே விரலால் தள்ளினால் அங்கே நகர்ந்தது. இதற்கு என்ன விலை என்று கேட்டேன். "விலையே இல்ல ஆயா. எழுதினவங்க சும்மாவே குடுத்துட்டாங்க. உள்ள எப்படி செஞ்சிருக்குன்னு கூட மறைக்கல, யார் வேணாலும் பாக்கலாம், தப்பு இருந்தா திருத்தலாம்" என்றார். எங்கள் ஊர் பிரியாணி மாஸ்டர் மசாலா போடும்போது பெண்டாட்டியையே வெளியே அனுப்பிவிடுவார், இப்படியும் ஜனங்கள் உண்டா என்று ஆச்சரியப்பட்டு, நானே என் வாயால் சொன்னேன்: "உள்ள அழுக்கு இல்லாதவன்தாம்பா தொறந்து வெப்பான்." நீங்கள் கூட நல்லா சொன்னீங்க என்று தலையாட்டினீர்கள். அதை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

படங்களைப் பார்த்து முடித்தோம். ஒயரைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. எலியாஸ், "டீச்சர், அம்மா போனுக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்துடுங்க, நம்பர் பதிஞ்சுக்குவோம்" என்றான். உங்கள் நம்பர் ரெண்டு மாசமாக என்னிடம் இருப்பது அவனுக்குத் தெரியாது. நீங்கள் அடித்தீர்கள். என் போன் பாடியது. கம்ப்யூட்டரில் மேஜை அகலத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு ஒரு முதலை வந்து படுத்தது.

டீச்சர், அதற்குக் காரணம் சொல்கிறேன், கோபிக்காமல் கேளுங்கள். என் போனில் பேர் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. எனக்கு அது கோழி கிளறின மாதிரிதான். செல்போன் கடை அமீர் பாஷா, "எழுத்து தெரியலன்னா இன்னா ஆயா, ஆளுக்கு ஒரு படம் வெச்சுக்கோ, படத்தைப் பாத்து எடு" என்று சொல்லிக் கொடுத்தார். சபையார் எல்லாரும் அமிர்தி மிருகக்காட்சி சாலைக்குப் போனபோது நானே எடுத்த படங்கள் கையில் இருந்தன. நீங்களோ ஜாதகம் பார்க்காத குடும்பம், நாங்களும் அப்படித்தான், அப்படியிருந்தும் ரெண்டு மாசம் ஆமாம் இல்லை என்று ஒரு பதிலும் சொல்லவில்லை. அமிர்தியில் அந்த முதலையும் அப்படித்தான், வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை, அசைவும் இல்லை. அந்த ஒற்றுமைக்காக வைத்தேனே தவிர, உங்கள் ஜாடைக்காக இல்லை. இதை எழுதும்போதே இது இன்னும் மோசமாகப் போகிறது என்று தெரிகிறது, ஆனால் பேனாவில் எழுதியதை அழிக்க முடியாது.

ஹாலில் முதலில் யாருக்கும் விளங்கவில்லை. நீங்கள் போனைக் கட் பண்ணினீர்கள், முதலை போய்விட்டது. ஆனால் நீங்கள் சயின்ஸ் டீச்சர், ஒரு தடவை பார்த்ததை நம்புகிறவர் இல்லை. மறுபடியும் அடித்தீர்கள். முதலை மறுபடியும் வந்தது. ஜோவின் நல்ல பிள்ளை, "ஃபோகஸ் நல்லா வந்திருக்கு ஆயா" என்றார். வில்சன் சார் சட்டைப் பாக்கெட்டிலிருந்த தன் போனை எடுத்து மெதுவாக அணைத்துவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் போயிருக்கும். அக்தரி பேகம், "என்னுது இன்னான்னு பாக்கறேன்" என்று அடித்தாள். ரோஜாப்பூ வந்தது. "பாத்தியா, என் தோஸ்த்து" என்று என் தோளில் ஒரு தட்டு. உடனே சவுரியம்மாள் அடித்தாள். எலும்பு வந்தது. "பக்கத்து வீட்டுக்கு ரோஜா, ஓரகத்திக்கு எலும்பா?" என்று கேட்டாள். தொண்ணூற்று நாலில் அவள் மகள் கல்யாணத்தில் என் இலையில் விழுந்த பிரியாணியில் எலும்பைத் தவிர ஒன்றும் இல்லை, அதை அவளிடமே சொன்னேன். "அதுல கறி இருந்துச்சுக்கா, நீதான் பல்லு இல்லன்னு தள்ளி வெச்ச" என்றாள். உங்கள் எதிரில். தொண்ணூற்று நாலில் எனக்கு எல்லாப் பல்லும் இருந்தது, இதை மட்டும் தயவுசெய்து நம்புங்கள். அடுத்து எலியாஸ். அவன் வேலை பார்க்கும் தோல் ஷாப்பில் தோலைப் பதப்படுத்த ஓடும் பெரிய மர டிரம் வந்தது. "ஏம்மா?" என்றான். நாள் முழுக்கச் சுற்றும், இருந்த இடத்திலேயே இருக்கும் என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். நான் அன்றைக்கு அடக்கியது அது ஒன்றுதான். அக்சா ஒயரைப் பிடுங்கப் போனாள்.

அப்போதுதான் கிருபா, சமையலறை வாசலில் நின்றபடியே, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தன் போனில் அடித்தாள். கம்ப்யூட்டரில் ஒன்றுமே வரவில்லை. கண் மூக்கு இல்லாத சாம்பல் நிறத்தில் ஒரு ஆள் நிழல், அவ்வளவுதான். படம் வைக்காதவர்களுக்கு அது தானாக வருமாம். அதற்கு முன்னால் எல்லாரும் சிரித்தார்கள், முதலைக்கு நீங்கள் கூட லேசாக. இதற்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. நீங்கள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கெளம்பலாங்க" என்றீர்கள்.

டீச்சர், அவள் ஷூ கம்பெனியில் மிஷின் தைத்துவிட்டு நேராக வீட்டுக்கு வருகிறவள். இருபத்தி மூன்று வருஷமாகக் கூப்பிட்டால் அடுத்த அறையிலிருந்து வந்து நிற்கிறாள். போனில் அவளைக் கூப்பிட எனக்குத் தேவையே வந்ததில்லை, அதனால் படம் வைக்கவில்லை. இந்தக் காரணத்தை அவளிடமும் சொல்லிப் பார்த்தேன். "பரவால்ல அத்தே" என்றாள். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

நான் கேட்பது ஒன்றுதான். நான் வைத்த படங்களுக்கு அக்சாவைத் தண்டிக்காதீர்கள். அவள் ஒன்றும் சொல்வதில்லை, சாயங்காலம் வந்ததும் கம்ப்யூட்டரைப் போடுகிறாள், சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்களைத் தாயாக வைத்துக்கொள்வாள். நான் யார் மேலும் மனத்தாங்கல் வைக்கவில்லை, சவுரியம்மாள் உள்பட. எல்லாக் குற்றமும் என் மேல்தான். மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள், இல்லாவிட்டால் மன்னிக்கவில்லை என்றாவது எழுதுங்கள்.

கர்த்தர் உங்கள் வாசலையும் உங்கள் பிள்ளையின் வேலையையும் உங்கள் முழங்காலையும் ஆசீர்வதிப்பாராக. வில்சன் சாருக்கு என் வந்தனம், அவர் நம்பர் என்னிடம் கிடையாது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு, வெட்கத்துடன்,
அன்னபாக்கியம்

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சொல்லிக் கிருபாவிடம் கொடுத்தேன். அவள் நின்றபடியே முழுவதும் படித்துவிட்டு, "டீச்சர் போன வாரமே எனக்குப் போன் பண்ணிட்டாங்க அத்தே. அவங்களுக்கு சம்மதம். இந்த ஆயாகிட்ட வளந்த பொண்ணு எந்த மாமியாருக்கும் பயப்படாதுன்னு சொன்னாங்க" என்றாள். ஏண்டி என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஆயாவே மன்னிப்பு கேட்டு எழுதட்டும், அதுவரைக்கும் சொல்ல வேணாம்னு டீச்சர் சொன்னாங்க. அக்சாவுக்குக்கூட இன்னிக்குக் காலையிலதான் சொன்னேன்." ஆகவே மேலே கேட்ட மன்னிப்பையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், தாள் வீணாகக் கூடாது என்றுதான் அனுப்புகிறேன். உங்கள் மேல் கோபம் இல்லை சம்பந்தியம்மா, டீச்சர் என்றால் பரீட்சை வைக்காமல் இருக்க முடியாது. தேதியை நீங்களே குறித்துவிடுங்கள். ஆனால் நான் மூன்று சாயங்காலம் அழுதுகொண்டு இதை எழுதியபோது, எல்லாம் தெரிந்துகொண்டே பக்கத்தில் டீயை வைத்து, எட்டிப் பார்த்து, "நிறுத்தாதீங்க அத்தே, நல்லா போவுது" என்று சொன்னவளை மட்டும் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன். அவள் பேர் கிருபா.