வட்ட ஜன்னல் வீட்டுப் பேய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அந்த மனிதர், தேய்த்து முடித்த ஒவ்வொரு கண்ணாடியையும் தன் மூக்கில் மாட்டி எதிரே இருந்த பழைய மாளிகையைப் பார்ப்பார். ஒன்றில் சின்னதாகத் தெரியும், இன்னொன்றில் மங்கலாகத் தெரியும். எதில் பார்த்தாலும் அழகாகவே தெரியும்.

கூரையில் பாதி இல்லை. ஆனால் மாடியில் ஒரு வட்ட ஜன்னல் இருந்தது. அதன் ஓரம் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. வீட்டில் அது நடக்காது. மனைவி தையல்காரி. இருந்த இரண்டு அறையிலும் ஊராரின் துணி. எங்கே உட்காரப் போனாலும், "அது டீச்சரம்மா ஜாக்கெட்டு, எழுந்திருங்க" என்பாள்.

மாளிகையை ஏலம் விடுவதாக நகராட்சி நோட்டீஸ் ஒட்டிய அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அந்த வீட்டை ஏலத்துல எடுத்தா என்ன?"

"எனக்குத் தெரிஞ்ச ஏலம் அடுப்படி டப்பாவுல இருக்கு. அதோட நிறுத்திக்குவோம்."

"நூறு வருஷக் கட்டடம்டி."

"கார் வாங்க வக்கில்ல, காரை உதிர்ற வீடு கேக்குதா?"

மனிதர் யோசித்தார். போட்டிக்கு ஆள் வராவிட்டால் வீடு சல்லிசாகக் கிடைக்கும். சல்லிசு என்றால் இவளும் இறங்கி வருவாள். மறுநாளிலிருந்து, கடைக்கு வந்தவர்களின் காதில் கண்ணாடியோடு சேர்த்து ஒரு செய்தியையும் மாட்டி அனுப்பினார். எதிர்வீட்டில் பேய்.

ஊர் நம்ப வேண்டுமே. கடை அடைத்ததும் பின்பக்கமாக உள்ளே நுழைந்து முனகினார். சில நாள் முனக மறந்துவிடுவார். வட்ட ஜன்னலில் கன்னத்தை வைத்துக்கொண்டு, தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்தபடி நிற்பார். இப்படியே இருந்துவிடலாம் போலிருக்கும். அதற்குள் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்துவிடும்.

ஒரு ராத்திரி மனைவி சொன்னாள்: "பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. அங்க பேய் இருக்காமே. நல்லவேளை, வேண்டாம்னேன். எனக்குப் பேய்னாலே நடுக்கம்."

"அதெல்லாம் புரளி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் வீடு போகும். அன்று ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை.

ஏலத்தன்று, யாருக்குத்தான் போகிறது என்று பார்க்க நகராட்சிக் கூடத்துக்குப் போனார். நாற்காலிகள் எல்லாம் காலி. முன்வரிசையில் ஒரே ஒரு ஆள். மனைவி.

"நீ எங்க இங்க?"

"ஏலம் முடிஞ்சுது. யாருமே வரல. நகராட்சி சொன்ன விலைக்கே வீடு நமக்கு வந்துடுச்சு. என் சீட்டுப் பணமே போதும்."

"பேய்னா நடுக்கம்னியே?"

"அந்தப் பேய் முனகிட்டு அடுக்குத் தும்மல் போடுதுன்னு அக்கா சொன்னாங்க. நம்ம வீட்டுத் தும்மல் எனக்குத் தெரியாதா? எனக்கும் ஆசைன்னு சொல்லியிருந்தா நீங்க முனகுறதை நிறுத்தியிருப்பீங்க, போட்டிக்கு ஆள் வந்திருக்கும்."

"உனக்கு ஆசையா?"

"கல்யாணமாகி வந்த புதுசுல கடைக்கு உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தேனே, அப்பலேருந்து பார்க்குறேன் அந்த ஜன்னலை." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. ஒரே ஜன்னலை இத்தனை காலம் இருவரும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கூரை வேய்ந்து குடிபோன நாளில், நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். வட்ட ஜன்னலோரம் தையல் மெஷின் உட்கார்ந்திருந்தது. வெயில் நேராக ஊசிமுனையில் விழுந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஊராரின் துணி.

"ஊசில நூல் கோக்க என்னா வெளிச்சம் பாருங்க," என்றாள், தலை நிமிராமல்.

"அப்ப என் நாற்காலி?"

"மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலை விட்டிருக்கேன். இருட்டா இருக்கும், பேய்க்கு அதுதானே வசதி."