கீஹோல் சாரின் இடுப்பளவு

உடம்புக்கு ஒன்றுமே இல்லாமல், நலம் விசாரிக்க வந்தவர்களிடம் ஆப்பிளும் ஆரஞ்சுமாக வாங்கிக் குவித்த மனிதர் ஸ்ரீரங்கத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கீஹோல் சார்.

எங்கள் அடுக்ககத்தில் தரைத்தளத்து வீடு அவருடையது. ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் லிப்ட் வாசலில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "அடுத்த வாரம் கீஹோல் போடப்போறேன்" என்று அறிவித்துக்கொண்டிருந்தார். வயிற்றில் சின்ன ஓட்டை போட்டுச் செய்கிற ஆபரேஷன் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். "பித்தப்பையா சார்?" என்று கவலையோடு கேட்டேன்.

"இல்லை, கீரை" என்றார்.

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே இப்படி ஆகிவிட்டாரே என்று பதறிப்போய், நானும் ஒரு பை ஆரஞ்சோடு போய் நின்றேன். உரித்துத் தின்றுகொண்டே விளக்கினார். இடுப்பளவு உயரத்துக்கு வட்டமாகச் செங்கல் சுவர். உள்ளே மண். நடுவில் ஒரு மூங்கில் கூடை. காய்கறித் தோல், காபிச் சக்கை எல்லாவற்றையும் கூடையில் போட்டால் அது மக்கி, சுற்றியிருக்கிற மண்ணுக்குச் சத்து போகும். கூடை வரைக்கும் ஆள் போய் நிற்க வட்டத்தில் ஒரு சந்து விட வேண்டும். மாடியிலிருந்து பார்த்தால் சாவித்துவாரம் மாதிரி இருக்குமாம். அதனால் கீஹோல். எல்லாம் வீடியோவில் கற்றது. அதற்குமுன் அவர் கைபட்டு ஒரு துளசிகூடப் பிழைத்ததில்லை.

"எதுக்கு சார் இவ்வளவு பாடு? கீரை கடையிலயே கிடைக்குதே."

குரலைத் தாழ்த்தினார். "எங்காத்து மாமிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதுலேர்ந்து குனிய முடியலை. பின்னாடி போட்டிருந்த பாத்தியெல்லாம் காஞ்சு போச்சு. ஜன்னலண்டையே உக்காந்துண்டிருக்கா. அவ குனியாம கீரை பறிக்கணும், அவ்வளவுதான்."

ஆரஞ்சுத் தோலைப் பத்திரமாக ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் கொண்டுவந்த பழங்களின் தோலும் அதில் இருந்தது.

எருவுக்காக சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு மூட்டையோடு ஏறினார். நானும் அதே பஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். "மூட்டையில என்னங்க?" என்றார் கண்டக்டர். "நன்னா மக்கின சாணி. வாசனையே வராது, வேணும்னா பாருங்கோ" என்று மூட்டை வாயை அவிழ்த்துக் காட்டினார். காவிரிப் பாலம் வருவதற்குள் எல்லோரும் டிரைவர் பக்கம் போய் ஒட்டிக்கொண்டார்கள். பின்பாதி பஸ் முழுக்க அவருக்கே கிடைத்தது.

சுவர் எழும்பியதும் அடுக்ககச் செயலாளர் வந்தார். மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருப்பவர், வாஸ்துவில் அசையாத நம்பிக்கை உள்ளவர். "சார், சந்து தெற்க பாத்து இருக்குங்க. தெற்கு எமன் திசை. கட்டடத்துக்கே ஆகாது, இடிச்சிருங்க" என்றார்.

சார் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு கோபுரத்தைக் காட்டினார். "பெருமாள் எந்தப் பக்கம் பாத்துண்டு சயனிச்சிருக்கார்?"

"தெற்கதாங்க…"

"அவருக்கு ஆறது, என் கீரைக்கு ஆகாதா?"

செயலாளர் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

கீரை தளதளவென்று வளர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை மாமியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். நாங்கள் எல்லோரும் பால்கனியில் கூடிவிட்டோம். மாமி சந்துக்குள் போனார். அப்புறம் கொண்டை மட்டும்தான் தெரிந்தது.

சார் ஆறடி. மாமி அவர் தோளுக்குக்கூட வரமாட்டார். சுவரே மாமியின் நெஞ்சுவரை இருந்தது. நடுவில் குவித்த மண்ணோ அதற்கும் மேலே.

"ஏன்னா, யார் இடுப்பை அளந்தேள்?" என்று கீரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வீடியோல இடுப்பளவுன்னு சொன்னான்…"

"இத்தனை வருஷமா பக்கத்துலயே நிக்கறேன். என் உயரம் தெரியலையா உங்களுக்கு?"

சார் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு மெல்ல, "ஒரு படி வேணா கட்டிடறேனே" என்றார்.

"படி ஏற முடிஞ்சா நான் ஏன் இங்க வரேன்?"

மாமி திரும்பி வீட்டுக்குள் போய் ஜன்னலருகே உட்கார்ந்துவிட்டார். பால்கனிகளில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் காலை பால் வாங்கக் கீழே போனபோது அவர்கள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. மாமி அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தார். பின்னால் சார் மண்டியிட்டு, மாமியின் பாதத்திலிருந்து இடுப்புவரை டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாமி திரும்பவில்லை. ஆனால் அளந்து முடிக்கிறவரை அசையவும் இல்லை.

அன்றே மேல்வரிசைச் செங்கல்களைப் பெயர்க்க ஆரம்பித்தார். செயலாளர் ஓடிவந்தார். "வாஸ்து பாத்துட்டீங்களா சார்?"

"இல்லைங்காணும். மாமியைப் பாத்தேன்."

அதன்பிறகு தினமும் காலையில் மாமி நிமிர்ந்து நின்று கீரை பறிப்பார். பக்கத்தில் ஆறடி மனிதர் வளைந்து, "ரங்கா, ரங்கா" என்று முனகிக்கொண்டே களை பிடுங்குவார். இடுப்பு வலிக்கு அவருக்குப் பெல்ட்கூட வந்துவிட்டது.

இப்போது மகளின் பிரசவத்துக்காக இருவரும் பெங்களூர் போயிருக்கிறார்கள். தோட்டம் என் தலையில். நானும் நெட்டைதான், குனிந்து குனிந்து பறிக்கிறேன். நேற்று அதைப் பார்த்த செயலாளர், "ரெண்டு வரிசை ஏத்திக் கட்டிடலாங்களே, நானே ஆள் அனுப்புறேன்" என்றார். "வேண்டாங்க, அது மாமி உயரம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் சார் போன் செய்தார். "கீரை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. நீங்க சீக்கிரம் வந்துடுங்க சார், இடுப்பு வலிக்குது" என்றேன்.

வலி அப்படியொன்றும் இல்லை.