ஹில்டா மிஸ் போட்ட மழை

"டீச்சர், பத்து நாளு மழைன்னு போட்டிருக்கியளே, என்னைக்குத் தொடங்கும்?"

கைப்பேசியில் உப்பளக்காரர் பால்துரை. சன்னலுக்கு வெளியே ஏப்ரல் வெயில் தூத்துக்குடியை வறுத்துக்கொண்டிருந்தது. விஷயம் புரிந்ததும் ஹில்டாவுக்குத் தலை சுற்றியது.

நேற்று கல்லூரி வகுப்பில் எக்செல்லைத் திறந்து ஓர் உப்பளத்தின் வியாபாரத்தைப் போட்டுக் காட்டியிருந்தாள். 'மழை நாட்கள்' கட்டத்தில் பூஜ்யத்தை அழித்துப் பத்து என்று அடித்ததும் லாபம் சிவப்பாக மாறியது. "இப்படி நடந்தா என்னாகும்னு முன்கூட்டியே போட்டுப் பாக்கணும்" என்றாள். அந்தத் திரையை யாரோ படமெடுத்து உப்பளக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள்.

ஹில்டாவின் வேலையோ தற்காலிகம். ஒரு பிள்ளையாவது சொந்தமாக இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டினால்தான் அடுத்த வருடமும் வேலை என்று கல்லூரி முதல்வர் பாண்டியராஜன் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

"அண்ணாச்சி, அது சும்மா போட்டுப் பாத்தது!"

"சும்மா போட்டதே பத்து நாளுன்னா, நெசமா எத்தன நாளு பெய்யும்? ஏலே, இன்னும் இருவது தார்ப்பாய் வாங்கிட்டு வாங்கலே!"

இணைப்பு அறுந்தது.

ஹில்டா அவசரமாக மழையைப் பூஜ்யமாக்கி, புதுப் படத்தைப் பால்துரைக்கு அனுப்பினாள். பத்தே நிமிடத்தில் அவரே கூப்பிட்டார்.

"நேத்துப் பத்து, இன்னைக்கு சைபரா? யாரு டீச்சர் ஒங்கள மெரட்டுனது? தைரியமாச் சொல்லுங்க!"

மறைக்கிற அளவுக்குப் பெரிய மழை என்று ஊர் முடிவு கட்டியது. சாயங்காலத்துக்குள் கல்யாணப் பந்தலில் கிடந்த தார்ப்பாயைக்கூட ஆட்கள் விலை பேசினார்கள்.

வேறு வழியில்லாமல் மறுநாள் உச்சி வெயிலில் அவளே உப்பளத்துக்குப் புறப்பட்டாள். வெயில் தாங்காமல் குடையை விரித்ததுதான் தாமதம், உப்பு சுமந்துகொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

"ஏளா, டீச்சரே கொடையோட வாராவ! உப்பு அம்பாரத்த மூடுங்கடி!"

வெள்ளிக்கிழமை. ஒரு துளி மழையில்லை. முதல்வர் முகத்தில் மட்டும் இடி.

"இது கல்லூரியா, வானிலை நிலையமா? ஊரே சிரிக்குது. இந்தப் பாடத்துல ஒரு பிள்ளையாவது எதையாவது கத்துக்கிட்டுதா?"

ஹில்டா மனசுக்குள் மேசையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

கடைசி பெஞ்சில் வேல்விழி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"சார், எங்கப்பா தார்ப்பாய்க் கடை வச்சிருக்காவ. பத்து நாளு மழைன்னு உப்பளக்காரவ நம்புனா எத்தன விக்கும்னு போட்டுப் பாத்தேன், முந்நூறுன்னு வந்துச்சு. மிஸ்ஸோட திரையப் படமெடுத்து உப்பளக்காரவ குரூப்புல போட்டேன், முந்நூத்தி ரெண்டு வித்துப்போச்சு... அந்த ரெண்டு மட்டும் எங்க பிசகுதுன்னு சொல்லிக் குடுங்க மிஸ்!"