பவித்ரா மேடத்தின் முதல் சிஷ்யர்

“முன்னாடி இருக்கிற பெல்ட் நின்னுபோச்சுன்னா, பின்னாடி பெல்ட் கரியைக் கொட்டிக்கினே இருக்குமா மேடம்?”

மதிவாணன் கேட்டது நியாயமான கேள்விதான். பவித்ராவுக்குப் பதில் தெரியாது என்பதுதான் பிரச்சினை.

சுரங்கத்திலிருந்து மின்நிலையத்தில் கரியைச் சேர்த்துவைக்கும் பங்கருக்கு நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்ட் கம்பெனியில் அவள் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இன்சார்ஜ் உமாராணி மேடம், குள்ளஞ்சாவடியிலிருந்து வரும் இந்த மதிவாணனை அவள் தலையில் கட்டிவிட்டார்.

“புது ஆளு. மாசக் கடைசிக்குள்ள தேத்திடு. அவர் தேறினா நீ தனியா ஷிப்ட் பாக்கலாம். இல்லேன்னா ரெண்டு பேரும் ட்ரெயினிதான்.”

அந்த ஷிப்டுக்காகத்தான் பவித்ரா கெத்தை விடாமல் சொன்னாள்: “அது தானா நின்னுக்கும்.”

“திரும்ப எதை மொதல்ல ஓட்டணும்?”

“மைன்ஸ் பக்கம் இருக்கிறதை.”

சொல்லும்போதே அவளுக்குச் சந்தேகம்தான். சாப்பாட்டு நேரத்தில் எலக்ட்ரீஷியன் தௌஃபீக்கிடம் நைசாக விசாரித்தாள்.

“பங்கர் பக்கத்துலேருந்துதாம்மா ஆரம்பிக்கணும். நீ சொல்ற மாதிரி ஓட்டினா, நின்ன பெல்ட் மேல மலையாக் குவிஞ்சிடும்!”

பவித்ரா ஓடினாள். “மதிவாணன், உங்களைச் சோதிக்கத்தான் வேணும்னே தப்பாச் சொன்னேன்.”

மதிவாணன் முகத்தில் அப்படியொரு பக்தி. “அப்போ இதுவரைக்கும் வேற எதெல்லாம் தப்பாச் சொன்னீங்க மேடம்?”

அதுதான் அவளுக்கே தெரியாதே!

வேறு வழியில்லாமல், வெயிலில் அவரையும் இழுத்துக்கொண்டு பெல்ட் ஓரமாகவே நடந்தாள். ஆபரேட்டர் ஒவ்வொருவரிடமும், “அண்ணே, நம்ம மதிவாணனுக்குக் கொஞ்சம் விளக்குங்க,” என்பாள். மதிவாணன் வேடிக்கை பார்ப்பார். காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவள் இவள்தான்.

போதாதற்கு, “எங்க மேடத்துக்குத் தெரியாதது இல்ல,” என்று அவர் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டார். செக்‌ஷனே சந்தேகம் கேட்டு அவளிடம் வந்தது. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளவாவது அவள் படித்தாக வேண்டியிருந்தது.

மாசக் கடைசி. உமாராணி கன்ட்ரோல் ரூமில் நிற்கும்போதே மூன்றாவது பெல்ட் நின்றது.

“மதிவாணன், என்ன செய்யணும்?” என்றார் உமாராணி.

மதிவாணன் நெற்றியைத் துடைத்தார். “மறந்துடுச்சு மேடம்.”

பவித்ரா போனை எடுத்தாள். கரண்ட்டை நிறுத்தி ஸ்விட்சைப் பூட்டச் சொன்னாள். அடைத்திருந்த ஈரக் கரியை எடுக்கவைத்தாள். இறங்கியவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்று பேர் பேராகக் கேட்டாள். பிறகு பங்கர் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டச் சொன்னாள். கரி ஓடத் தொடங்கிய பிறகுதான் போனை வைத்துவிட்டு உமாராணி பக்கம் திரும்பினாள்.

“மேடம், அவர் மேல தப்பில்ல,” என்றாள். “எனக்கே தெரியாததையெல்லாம் தெரிஞ்ச மாதிரி சொல்லிக் குடுத்தேன். அவருக்கு இன்னொரு மாசம் குடுங்க. நானும் ட்ரெயினியாவே இருந்துக்கிறேன்.”

உமாராணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நாளையிலேருந்து தனியா ஷிப்ட் பாரு.” சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பவித்ராவுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆனாலும் சிஷ்யரை நினைத்தால் பாவமாக இருந்தது. டீ கொண்டுவந்த கேன்டீன் கொளஞ்சிநாதனிடம் சொன்னாள்:

“அண்ணே, மொதல்ல மதிவாணனுக்குக் குடுங்க. புது ஆளு, மனசு ஒடிஞ்சு போயிருப்பாரு.”

“மதிவாணன் சாருக்கா?” கொளஞ்சிநாதன் கிளாஸை நிரப்பினார். “ஆறு வருஷமா இங்க யாரு வேலைக்குச் சேந்தாலும், அவருதாம்மா புது ஆளு!”