வளையம் அண்ணனும் இரண்டு மூட்டை ஐஸும்

ஆம்பூர்ப் பக்கம் எத்தனை தோல் ஃபேக்டரி இருந்தாலும், தண்ணீருக்கு மரியாதை கொடுத்த ஒரே மனிதர் எங்கள் வளையம் அண்ணன்தான். பாலாற்றுக்குக்கூடக் கிடைக்காத மரியாதை அது.

அவர் வேக்குவம் பம்பு ஆபரேட்டர். பெண்கள் நாங்கள் ஈரத்தோலைச் சூடான தகட்டில் விரிப்போம். மூடி இறங்கும், பம்பு காற்றை உறிஞ்சும், தோல் காயும். பம்புக்குள் காற்று கசியாமல் அடைத்து நிற்பது ரப்பர் அல்ல, தண்ணீர். விசிறி சுற்றும் வேகத்தில் தண்ணீர் ஓரமாக ஒதுங்கி வளையமாக நிற்கும். வேலைக்குப் புதிதாக யார் வந்தாலும், பெயரைக் கேட்கும் முன்பே அண்ணன் இதைச் சொல்லிவிடுவார். சொந்த மகளின் கல்யாணப் பந்தியில் ரச வாளியைக் கரண்டியால் சுழற்றிக் காட்டினார். சம்பந்தியின் வெள்ளைச் சட்டை மஞ்சளாகிவிட்டது.

"வளையம் நல்லாத்தாம்மா நின்னுச்சி. நடுவுல கரண்டிய எடுத்ததுதான் தப்பு" என்றார்.

தண்ணீர் சூடானால் வளையம் தளர்ந்துவிடும், தோல் காயாது. ஒரு கத்திரி வெயிலில், தோல் வாங்கும் வெளிநாட்டு பையர் வரும் நாளாகப் பார்த்து, தண்ணீரைக் குளிர வைக்கும் மோட்டார் எரிந்துபோனது. பம்பு ஜல்லியை மெல்லுவதுபோல் கடகடத்தது. மேனேஜர் ஓடிவந்தார்.

"பையர் வர்றதுக்குள்ள காயலன்னா, நாளையிலேர்ந்து நீ சுண்ணாம்புத் தொட்டிதான்!"

அங்கே ஊறிய தோலை நாள் முழுக்கக் குனிந்து தூக்க வேண்டும். அண்ணனுக்கோ முட்டி தேய்ந்திருந்தது.

வண்டியில் பறந்தவர், இரண்டு மூட்டை ஐஸோடு வந்து பம்புத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினார். சத்தம் அடங்கியது. பம்பு மீட்டரில் முள் ஏறியது. தோல் மளமளவென்று காய்ந்தது.

"பாத்தியாம்மா, இன்னா அழகா நிக்குது வளையம்!"

இரும்புக்குள் இருந்ததை நாங்கள் எங்கே பார்த்தோம்? மோந்துதான் பார்த்தோம். மீன் மார்க்கெட்டில் மீன்மேல் கிடந்த ஐஸ் அது. பம்பு வெளியே விட்ட காற்று முழுக்கக் கவிச்சி.

பையரோடு மேனேஜர் நுழைந்தார். எங்கள் ஃபேக்டரியைத் தாண்டும்வரை பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலை மூடிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட இடத்தில் மேனேஜரே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சீ, இன்னா நாத்தம் இது? யாரு பண்ண வேலை?"

அண்ணன் முட்டியைத் தடவிக்கொண்டு வாயைத் திறந்தார். அதுவரை மேனேஜரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிராத நான் முந்திக்கொண்டேன்.

"என் டிபன் பாக்ஸ் சார். மீன் கொழம்பு. கொஞ்சம் ஜாஸ்தியா கொண்டாந்துட்டேன்."

பையர் தோலைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். அண்ணன் பம்பிலேயே இருந்தார். ஃபேக்டரிக்குள் மீன் குழம்புக்கு மட்டும் தடை வந்தது. இன்றுவரை எடுக்கவில்லை. பெண்கள் அத்தனை பேரும் என்னைத் திட்டித் தீர்த்தார்கள்.

மறுநாள், பம்பு மோட்டாருக்காக அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த டேபிள் ஃபேன் என் பக்கம் திரும்பியிருந்தது.

"பம்பு சூடாயிடாதாண்ணா?"

"அதுக்குத் தண்ணி இருக்குதும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "உனக்கு இன்னா இருக்குது?"