அழகன் பேசவில்லை

இரண்டே முக்கால் வயதாகியும் அழகன் "அம்மா" என்றுகூட வாய் திறக்கவில்லை.

"புள்ளைகிட்ட நீ பேசுறியா?" தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் வியாகுலம் கேட்டார்.

"விடியங்காட்டி பேர் பதியப் பெரட்டுக்கு ஓடுறேன். பொழுது சாயத்தான் வர்றேன். எப்பங்கய்யா பேசுறது?" என்றாள் வேலாயி.

"பேசு. காதுல விழுந்தாத்தான் வாயில வரும்."

அன்று மாலையே அவனை அடுப்பருகே உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். கணவன் கந்தப்பனுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் பிற்பகல் வேலை. அவன் வருவதற்குள் இருவரும் உறங்கிவிடுவார்கள். அந்த ஒற்றையறை லயத்துக் காம்பராவில் கேட்க வேறு ஆளில்லை.

"இது உப்பு. இது கரண்டி."

மூன்றே நாளில் வீட்டுச் சாமான்கள் தீர்ந்துபோயின. பிறகு மழை, அட்டை, மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையாவின் தொப்பி. அவையும் தீர்ந்தன. அழகன் வாயைத் திறந்தபோதெல்லாம் பசி என்று நினைத்து ரொட்டியைப் பிய்த்து ஊட்டிவிட்டு, மேலே பேசினாள்.

மிச்சமிருந்தது அவள்தான்.

ஒழுகும் மூலையில் நனைந்துகொண்டே படுப்பதைச் சொன்னாள். இலங்கைப் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகி அண்ணன் இந்தியாவுக்குக் கப்பலேறியதைச் சொன்னாள்.

"உங்கப்பா என்னைய ஏறெடுத்துப் பாத்து ரெண்டு வருசமாச்சுடா. ஒரு நா ஒன்னையத் தூக்கிக்கிட்டுத் தலவாக்கலை டேசன்ல கோச்சி ஏறிருவேன்."

ஊமைப் பிள்ளையிடம் சொல்வது வசதியாக இருந்தது. அந்த வசதி அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

அழகன் பேசவில்லை. கந்தப்பனிடமும் இருந்த நாலு வார்த்தை நின்றுபோனது. கேட்காமலே கூரைத் தகரத்துக்குத் தார் பூசினான். காலையில் அவள் முகத்தையே வெறித்தான். பிள்ளை இப்படியாகிவிட்டதென்று மனசொடிந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு ஊமைக்கு வைத்தியம் பார்க்கப்போய் வீட்டில் இரண்டு ஊமை.

இரண்டு மாதம் கழித்து வியாகுலம் கையை விரித்தார். "கொழும்புப் பக்கம் ஊமைப் புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. அஞ்சு வயசுல சேத்துக்குவாங்க. இப்பவே பேர் எழுதி வைக்கணும். பிள்ளைக்காம்பரா ஆயாகிட்ட இந்தக் கடுதாசியில கைநாட்டு வாங்கிட்டு வா."

"அங்கயே தங்கணுங்களாய்யா?"

"வருசத்துக்கு ஒருக்காப் பாக்கலாம்."

மறுநாள் மதியம், தாய்மார் மலையில் கொழுந்து பறிக்கும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அம்மாக்கண்ணுவின் முன் போய் நின்றாள். அழகன் தொட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தான்.

"இவன் பேசவே மாட்டான்னு ஒரு கைநாட்டு வைங்க, ஆயாம்மா." கடுதாசியை நீட்டினாள்.

ஆயா கடுதாசியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவனா பேசமாட்டான்? இவன் வாய அடைக்கத்தான் நான் தூங்கப் போட்டிருக்கேன்! உம் புருசன் தெனம் ஸ்டோருக்குப் போற வழியில இங்க வந்து, 'நேத்து அம்மா என்னடா சொன்னுச்சு'ன்னு இவன்கிட்ட ஒண்ணுவிடாமக் கேட்டுட்டு, 'புள்ள பேசுறது அவளுக்குத் தெரியவேணாம் ஆயாம்மா, தெரிஞ்சா அவ பேசுறத நிறுத்திருவா'ன்னு என் கையப் புடிச்சிக்கிட்டு அழுவுறான்டி."